அலங்: ஓதத்தையும் இரும்பு விலையையும் நம்பி வாழும் கிராமம்

குஜராத் கடல்சார் வாரியம் நிர்வகிக்கும் துறைமுகங்களில் அலங்கும் ஒன்று. ஆனால் சரக்கு இறக்கும் தளமோ கிடங்கு வரிசையோ அங்கே கிடையாது. பாவ்நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால், தளாஜா வட்டத்தில், கம்பாத் வளைகுடாவைப் பார்த்தபடி நீண்டு கிடக்கும் சேற்றுக்கரைதான் துறைமுகம். பக்கத்துக் கிராமமான சோசியாவரை சுமார் 10 கிலோமீட்டர் நீளக் கரையை மனைகளாகப் பிரித்து, எண் போட்டு, வாரியம் குத்தகைக்கு விட்டிருக்கிறது. ஒவ்வொரு மனையும் கப்பல் உடைக்கும் ஒரு யார்டு. ஓடி ஓய்ந்த கப்பல்கள் தங்கள் சொந்த இயந்திரத்தின் வேகத்திலேயே வந்து கரையில் ஏறுகின்றன. சில மாதங்களில் தகடும் குழாயுமாக லாரியில் வெளியேறுகின்றன.

செய்திகளில் அலங் பெயர் வந்தாலே தீயும் புகையும் சாவும்தான். அவை நடந்தவைதாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை ஏன் திரும்பத் திரும்ப நடக்கின்றன என்று புரிய வேண்டுமானால் அந்தக் கரையில் பணம் எப்படி ஓடுகிறது, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) எந்த நாளில் எவ்வளவு ஏறுகிறது, இரும்பை வெட்டும் வாயுக் கட்டரைப் பற்றவைப்பதற்கு முன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

ஏன் இந்தக் கரை

1983க்கு முன் அலங் வேர்க்கடலையும் வெங்காயமும் விளையும் பகுதியில் இருந்த ஒரு சிற்றூர். கொஞ்சம் மீன்பிடிப்பும் உண்டு. இந்தியாவில் கப்பல் உடைப்பு அப்போது பெரும்பாலும் மும்பையின் தாருகானா பகுதியில் நடந்தது. அங்கே இடம் குறைவு, சுற்றிலும் நகரம். 1979இல் மத்திய அரசு கப்பல் உடைப்பைத் தொழில்துறையாக அங்கீகரித்த பிறகு, பெரிய கப்பல்களுக்கு இடம் தேட வேண்டியிருந்தது.

கம்பாத் வளைகுடா தெற்கே அகன்று வடக்கே குறுகும் புனல் வடிவம் கொண்டது, ஆழமும் குறைவு. அரபிக்கடலிலிருந்து உள்ளே நுழையும் ஓதம் போகப் போக ஒடுக்கப்பட்டு உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே 10 மீட்டர் அளவுக்கு நீர்மட்டம் மாறும். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் அது. கரையின் சரிவோ மிக மெதுவானது. மேலே சேறு இருந்தாலும் அடியில் பூமி கெட்டி. அதனால் ஓதம் ஏறும்போது பெரிய கப்பலையும் கரைவரை கொண்டுவரலாம். ஓதம் இறங்கியதும் கப்பல் சாயாமல் அடிவயிற்றில் உட்கார்ந்துவிடும், ஆட்கள் நடந்தே போய் ஏறலாம். நீரை வடித்துக் கப்பலை நிறுத்தும் உலர் தளம் கட்டினால் ஆகும் செலவு முழுவதையும் இங்கே கடல் மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

1983 பிப்ரவரி 13 அன்று கோட்டா டெஞ்சாங் என்ற கப்பல் முதலில் கரையேறியது. உலகின் பெரிய உடைப்பு மையமாக அப்போது இருந்தது தைவானின் காவ்சியுங். அங்கே கூலி உயர்ந்தது, நிலத்துக்கு வேறு தேவைகள் வந்தன, 1986இல் ஓர் எண்ணெய்க் கப்பலில் பெரும் வெடிவிபத்தும் நடந்தது. சில ஆண்டுகளில் தைவான் இந்தத் தொழிலிலிருந்து விலகியது. விட்ட இடத்தை இந்தியாவும் வங்கதேசமும் பாகிஸ்தானும் பிடித்துக்கொண்டன. இந்தியாவில் தொடக்கத்தில் கப்பல் இறக்குமதி எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் வழியாக மட்டுமே நடந்தது. 1991க்குப் பிறகு யார்டுக்காரர்களே நேரடியாக உலகச் சந்தையில் வாங்கலாம் என்று ஆனது. அலங் வளர்ந்தது அந்தத் திறப்புக்குப் பிறகுதான்.

உலகம் நோகும்போது வரும் வரவு

இந்தத் தொழிலின் அடிப்படை அளவு எல்.டி.டி. சரக்கு, எரிபொருள், தண்ணீர் எதுவும் இல்லாமல் கப்பல் மட்டும் எத்தனை டன் என்பதே அந்தக் கணக்கு. பனாமா கால்வாயில் நுழையும் அளவுள்ள மொத்தச் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 10,000 எல்.டி.டி. இருக்கும். மிகப்பெரிய எண்ணெய்க் கப்பல் 40,000ஐத் தொடும். விலை எல்.டி.டி.க்கு இத்தனை டாலர் என்று பேசப்படும். 2016 தொடக்கத்தில் அது 300 டாலருக்குக் கீழே விழுந்தது. 2022இல் 600 டாலரைத் தாண்டியது.

உரிமையாளர் நேரடியாக அலங் யார்டுக்கு விற்பது அரிது. நடுவில் ரொக்கக் கொள்முதலாளர் என்ற தரகு நிறுவனம் இருக்கும். அது பணம் கட்டிக் கப்பலை வாங்கி, பெரும்பாலும் கடைசிப் பயணத்துக்கென்றே வேறு நாட்டுக் கொடிக்கு, அதாவது வேறு நாட்டுப் பதிவுக்கு, மாற்றி, யார்டுக்கு விற்கும். யார்டுக்காரர் வங்கியில் எல்.சி. என்ற கடன் உறுதிக் கடிதம் திறந்து, பல மாதத் தவணையில் டாலரில் கட்டுவார். அவருடைய வரவு முழுக்க ரூபாயில். ஆக, கப்பல் வாங்கிய நாளிலிருந்து கடைசித் தகடு விற்கும் நாள்வரை இரும்பு விலை, டாலர் மதிப்பு, வட்டி ஆகிய மூன்றும் அவர் தலைக்கு மேல் தொங்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. 10,000 எல்.டி.டி. கப்பலை 400 டாலருக்கு வாங்கினால் 40 லட்சம் டாலர். டாலர் 80 ரூபாய் என்று வைத்தால் 32 கோடி. ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 79,000 ரூபாய் வட்டி ஓடும். உடைத்து முடிக்க 4 முதல் 6 மாதம். இடையில் உள்நாட்டு இரும்பு விலை டன்னுக்கு 4,000 ரூபாய் சரிந்தால் 4 கோடி காலி. இந்தத் தொழிலில் லாபமே டன்னுக்குச் சில ஆயிரம்தான். அந்த 79,000 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "வாயு சோதனை முடியட்டும், நாளைக்கு வெட்டலாம்" என்று ஒரு மேற்பார்வையாளர் சொல்லும்போது எதிரே நிற்பது அதுதான்.

அலங்கின் நல்ல காலமும் கெட்ட காலமும் மற்ற துறைமுகங்களுக்கு நேர் எதிர். கப்பல் வாடகை நன்றாக இருக்கும்போது 25 வயதுக் கிழட்டுக் கப்பலையும் உரிமையாளர் ஓட்டுவார். வாடகை சரிந்தால்தான் விற்பார். 2008 நிதி நெருக்கடியில் உலக வணிகம் சுருங்கிய பிறகு கப்பல்கள் கொத்துக்கொத்தாக வந்தன. 2011-12 நிதியாண்டில் 415 கப்பல்கள், 38 லட்சம் எல்.டி.டி.க்கு மேல். இதுவரை அதுவே உச்சம். கொரோனா ஊரடங்கில் சொகுசுக் கப்பல்கள் வந்தன. அதற்கடுத்து 2021, 2022இல் சரக்குக் கட்டணம் விண்ணைத் தொட, கப்பல் வரத்து சுருங்கியது. அண்மை ஆண்டுகளில் 200ஐ எட்டுவதே பாடாக இருக்கிறது. பல மனைகள் காலியாகக் கிடக்கின்றன. வங்கதேசத்தின் சட்டோகிராம் யார்டுகள் எல்.டி.டி.க்குச் சில டாலர் கூடக் கொடுத்தால் போதும், கப்பல் அங்கே திரும்பிவிடும்.

துருக்கியின் அலியாகாவில் கொடுக்கும் விலை தெற்காசிய விலையைவிட எப்போதும் வெகுவாகக் குறைவு. அங்கே கப்பல் இரும்பு நேராக உலைக்குப் போகிறது. இங்கே தகடு தகடாகவே விலைபோகிறது. நாற்காலிக்கும் ஜெனரேட்டருக்கும் தனி விலை. இந்த வேறுபாடுதான் அலங்கை நிற்க வைத்திருக்கிறது.

கரையேற்றம்

கப்பல் முதலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். சுங்கத்துறையும் கடல்சார் வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏறிப் பார்க்க வேண்டும். ஆவணத்தில் சொல்லாத எண்ணெய், கதிர்வீச்சுப் பொருள், ஆயுதம் எதுவும் இல்லை என்று உறுதியாக வேண்டும். பிறகு ஓதத்துக்காகக் காத்திருப்பு. பெரிய கப்பலுக்கு அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே வாய்ப்பு. தவறினால் ஏறத்தாழ இரண்டு வாரம் போகும், வட்டியும் நங்கூரச் செலவும் சேர்ந்து.

கரையேற்றுவதற்கென்றே அனுபவப்பட்ட கேப்டன்கள் இருக்கிறார்கள். சமநிலைக்காகத் தொட்டிகளில் நிரப்பும் நிலைப்பு நீரைச் சரிசெய்து முன்பகுதி எழும்பியும் பின்பகுதி தாழ்ந்தும் இருக்குமாறு வைப்பார்கள். முன்பகுதி எவ்வளவு எழும்பியிருக்கிறதோ அவ்வளவு தூரம் கரைக்குள் ஏறும். பின்பகுதி தாழ்ந்திருந்தால்தான் உந்துவிசிறி நீரில் மூழ்கி முழு வேகம் தரும். மனையின் எல்லையில் கொடியோ விளக்கோ நட்டிருக்கும். அதைக் குறிவைத்து, ஓதம் உச்சிக்கு வரும் நேரத்தைக் கணக்கிட்டு, முழு வேகத்தில் ஏற்ற வேண்டும். அரைமணி முந்தினால் சேற்றில் தூரத்திலேயே தட்டி நிற்கும். பிந்தினால் நீர் வற்றத் தொடங்கிவிடும். வளைகுடாவில் ஓத நீரோட்டம் கரைக்கு இணையாக வேகமாகப் போவதால் பக்கவாட்டில் இழுத்துப் பக்கத்து மனையில் கொண்டுபோய் வைப்பதும் உண்டு. அப்படி ஆனால் இரண்டு யார்டுக்கும் வழக்குதான். கப்பல் உட்கார்ந்ததும் தொட்டிகளில் நீர் நிரப்பி எடை ஏற்றுவார்கள், அடுத்த ஓதம் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க.

இயந்திரம் ஓடாத கப்பல் என்றால் பாடு அதிகம். இழுவைப்படகுகள் கரையை நெருங்கும் அளவுக்குத்தான் உதவும். இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலாக இருந்த ஐ.என்.எஸ். விராட் 2020 செப்டம்பரில் மும்பையிலிருந்து அப்படித்தான் இழுத்துவரப்பட்டு 28ஆம் தேதி கரையேற்றப்பட்டது. உலகில் கட்டப்பட்டவற்றிலேயே நீளமான கப்பலான 458 மீட்டர் எண்ணெய்க் கப்பல், சீவைஸ் ஜயன்ட் என்று பிறந்து நாக் நெவிஸ் என்று பெயர் மாறி, 2009 டிசம்பரில் மான்ட் என்ற பெயரோடு இங்கே வந்து ஏறியது.

கட்டருக்கு முன்

விபத்துகளின் வேர் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எரிபொருள், மசகு எண்ணெய், கழிவெண்ணெய் எல்லாவற்றையும் பம்ப் செய்து எடுக்க வேண்டும். தளர்வான பொருட்களை இறக்க வேண்டும். பழைய கப்பல்களில் கொதிகலன், வெளியேற்றுக் குழாய், தங்குமிடச் சுவர் என்று பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்த அறைக்குள், காற்றழுத்தத்தைக் குறைத்து, நீர் தெளித்து நனைத்து, முழு உடையும் சுவாசக் கருவியும் அணிந்து பிரித்து, இரட்டைப் பையில் கட்டி, அதற்கென உள்ள புதைப்பிடத்துக்கு அனுப்ப வேண்டும். உலர்ந்த நிலையில் உடைத்தால் நார் காற்றில் பறக்கும். அதன் விளைவு நுரையீரலில் தெரிய 20, 30 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தத் தொழிலாளி ஒடிசாவிலோ பிகாரிலோ தன் ஊரில் இருப்பார். எந்தப் பதிவேட்டிலும் அந்த நோய் அலங் பெயரில் ஏறாது.

அடுத்து தொட்டிகள். எண்ணெய்க் கப்பலில் தொட்டியைக் கழுவிக் காற்றோட்டம் கொடுத்து வாயு அளந்து சான்று வாங்க வேண்டும். மனிதர் இறங்க ஆக்சிஜன் இயல்பான 20.9 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். தீ வேலைக்கு எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பெல்லையில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காலையில் இந்த எண்கள் சரியாக வந்துவிட்டதால் மட்டும் மாலையிலும் தொட்டி பாதுகாப்பானது என்று ஆகாது. அடியில் கைப்பிடி அளவு கசடும் துருப்பொருக்கும் மிச்சம் இருந்தால் போதும். வெயிலில் தகடு சூடேறும்போது பொருக்குக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் ஆவியாகி மீண்டும் தொட்டியை நிரப்பும். குழாய்களின் வளைவில் தேங்கிய எண்ணெயும் அப்படியே. ஆகவே வேலை தொடங்கும் முன்பும், ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும், பக்கத்துத் தொட்டிக்கு மாறும்போதும் அளக்க வேண்டும். மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் அளக்க வேண்டும். கையை எட்டிய மட்டில் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு வருவது சோதனை ஆகாது.

எண்ணெயே இல்லாத தொட்டியும் கொல்லும். பல மாதம் மூடிக் கிடந்த நிலைப்புநீர்த் தொட்டியில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை இருக்காது, புகை இருக்காது. இறங்கியவர் இரண்டு மூச்சில் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே விழுவார். இதற்காகத்தான் முதலில் கப்பலின் பக்கச் சுவரில் பெரிய பெரிய சன்னல்களாக வெட்டித் திறப்பார்கள். காற்றும் வெளிச்சமும் அதனால் வரும். ஒரு காலத்தில் தொட்டியின் அடிப்புறம் துளைபோட்டு, ஓதமே உள்ளே புகுந்து கழுவிக்கொண்டு போகட்டும் என்று விடுவதும் நடந்தது. கசடு முழுவதும் கடலுக்குத்தான் போகும். இது வழக்கம் என்று சொல்லி மன்னிக்கக்கூடிய காரியமே கிடையாது.

வெட்டு

யார்டின் கருவி ஆக்சிஜனும் எல்.பி.ஜி.யும் கலந்து எரியும் கட்டர். எல்.பி.ஜி. சுடர் இரும்பை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கும். பிறகு விசையை அழுத்தினால் தூய ஆக்சிஜன் பீய்ச்சி, அந்தச் செந்நிற இரும்பையே எரித்துக்கொண்டு போகும். வெட்டுவது உண்மையில் ஆக்சிஜன்தான். அதன் தூய்மை ஒரு சதவீதம் குறைந்தாலும் வேகம் சட்டென்று விழும், கசடு அடியில் ஒட்டும். துருப்பிடிக்காத எஃகை இது வெட்டாது; குரோமியம் ஆக்சைடு படலம் தடுத்துவிடும். இரசாயனக் கப்பல்களின் எஃகுத் தொட்டிகளுக்கு வேறு கருவி வேண்டும். அந்த எஃகுக்கு விலை அதிகம் என்பதால் அத்தகைய கப்பலுக்குப் போட்டியும் அதிகம்.

கட்டரிலேயே இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில் தங்கும். சாப்பாட்டு நேரத்தில் குழாயைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு வந்தால், வால்வு சரியாக மூடாத ஒரு கட்டர் போதும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே வெடிக்கும் கலவை. திரும்பிவந்து பற்றவைப்பவருக்கு அது தெரியாது. ஆக்சிஜன் கசிந்தால் வெடிக்காது, ஆனால் மூடிய இடத்தில் அதன் அளவு 23.5 சதவீதத்தைத் தாண்டினால் பருத்திச் சட்டையும் தலைமுடியும் ஒரு பொறியில் கொழுந்துவிட்டு எரியும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: இடைவேளையில் குழாயை வெளியே எடுக்க வேண்டும், சிலிண்டர் அருகிலேயே மூட வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒழுங்குக்குத் தேவை ஐந்து நிமிடம், அதைக் கட்டாயமாக்க ஓர் ஆள்.

வெட்டும் வரிசை முன்பகுதியில் தொடங்கும், ஏனென்றால் கரையில் இருப்பது அதுதான். கரும்பைக் கணுக்கணுவாக நறுக்குவது போல் குறுக்குவாட்டில் வெட்டிக்கொண்டே பின்னால் போவார்கள். முன்பகுதி குறையக் குறையக் கப்பல் எடை குறையும். அடுத்த பெரிய ஓதத்தில் மிதந்து எழும்போது வடம் சுற்றி இழுக்கும் வின்ச்சும் சங்கிலியும் போட்டு இன்னும் மேலே இழுப்பார்கள். அந்த வின்ச்சுகளில் பல, முன்பு உடைத்த கப்பல்களிலிருந்தே எடுத்தவை. எஞ்சின் அறை கடைசியில் வரும். உந்துவிசிறி நிக்கல்-அலுமினிய வெண்கலம். பெரிய கப்பலில் பல பத்து டன் இருக்கும், அதன் விலை தனிக் கணக்கு.

பழைய முறையில் வெட்டிய துண்டு நேரே கீழே விழும். சில இடங்களில் வெட்டாமல் சிறு கண்ணிகள் விட்டுவைத்து, கீழே ஆட்களை அகற்றிவிட்டு, கம்பிவடம் கட்டி வின்ச்சால் இழுத்தால் கண்ணிகள் பிய்ந்து துண்டு சேற்றில் விழும். கண்ணி எதிர்பார்த்ததற்கு முன்பே பிய்ந்தால் மேலே நிற்பவர் துண்டோடு போவார். வடம் அறுந்தால் சாட்டையாக வீசி எதிரே நிற்பவரின் காலை வெட்டும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத சேதம். ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் விழும் ஒவ்வொரு துண்டும் ஈயமும் குரோமியமும் கலந்த பெயின்ட் சில்லுகளையும், அடிப்புறத்தில் பூசிய நச்சுப் பூச்சையும் கொட்டிவிட்டுப் போகிறது. 12 மணி நேரத்துக்குள் கடல் வந்து அள்ளிக்கொண்டு போகும். பிறகு எந்தச் சோதனையும் அதைக் கண்டுபிடிக்காது.

புதிய முறையில் துண்டைக் கிரேன் தூக்கி, வடிகால் அமைத்த நீர்புகாக் கான்கிரீட் தளத்தில் நேராக இறக்கும். வெட்டும் கோட்டில் பெயின்ட்டை முதலிலேயே சுரண்டி எடுப்பார்கள். புகை குறையும், வெட்டு சுத்தமாக வரும். 2015இல் அலங்கின் இரண்டு யார்டுகள், கப்பலைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் உடன்படிக்கைத் தரத்துக்கு ஏற்றவை என்று ஜப்பானின் கப்பல் தரச்சான்று அமைப்பான கிளாஸ்என்கே சான்று கொடுத்த பிறகு, மற்றவர்களும் வரிசையாக இந்த மாற்றத்தில் இறங்கினார்கள். தளமும் நீண்ட கை கிரேனும் கோடிக்கணக்கில் செலவு வைக்கும். இருந்தும் அலங்கில் நடந்தவற்றிலேயே உருப்படியான மாற்றம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

தகடு போகும் வழி

10,000 டன் கப்பல் ஏறத்தாழ 450 லாரி லோடு. நல்ல தகடுகள் பாவ்நகர், சிகோர் வட்டார உருட்டாலைகளுக்குப் போகும். அங்கே உருக்குவதில்லை, பட்டைகளாக வெட்டி, சூளையில் 1,100 முதல் 1,200 டிகிரிவரை சூடாக்கி, உருளைகளுக்கு இடையே செலுத்திக் கம்பி, பட்டை, ஆங்கிள் ஆக்குவார்கள். உருக்க 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த எரிபொருள் மிச்சம்தான் தகட்டின் கூடுதல் விலை. கப்பல் தகடு தரக் கட்டுப்பாட்டோடு செய்யப்பட்ட எஃகு என்பதும் உண்மை.

ஆனால் கட்டடக் கம்பிக்குத் தரமுத்திரை வேண்டுமென்றால் எஃகின் வேதிக்கலவை வார்ப்பு வாரியாகத் தெரிய வேண்டும். பல கப்பல்களின் தகடு கலந்து வரும் உருட்டாலையில் ஒவ்வொரு கம்பியின் கார்பன், பாஸ்பரஸ் அளவையும் சொல்ல முடியாது. நிலநடுக்கப் பகுதியான குஜராத்தில் இது வெறும் காகிதப் பிரச்சினை கிடையாது. அதனால் தகட்டையும் மின்தூண்டல் உலையில் உருக்கிப் பில்லட் என்ற எஃகுக் கட்டியாக்கும் வழிக்குப் பலர் மாறினார்கள். தகட்டின் தனி மதிப்பு அதில் பாதி கரைந்துவிடுகிறது. அலங் யார்டுகள் வங்கதேசத்தோடு விலையில் போட்டிபோட முடியாமல் திணறுவதற்கு இது முக்கியக் காரணம். வெளியில் அதிகம் பேசப்படாத காரணமும்கூட.

இன்னொரு சந்தை சாலையோரம். திராபஜிலிருந்து அலங் போகும் சாலையின் இரு புறமும் 'காடா' என்று அழைக்கப்படும் திறந்தவெளிக் கடைகள். ஒரு கடையில் மெத்தை மட்டும், ஒன்றில் சமையலறைச் சாமான், ஒன்றில் பம்ப்பும் கம்ப்ரசரும், ஒன்றில் உயிர்காப்பு அங்கி, கயிறு. கப்பல் கரையேறியதும் சமையலறை, மரச்சாமான், மின்சாதனம் என்று வகை வகையாக மொத்த விலைக்கு எடுத்துவிடுவார்கள். ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் ஓட்டிக் காட்டச் சொல்லி எண்ணெய் அழுத்தமும் புகையின் நிறமும் பார்ப்பார்கள். கப்பல் மின்சாரம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், 440 வோல்ட். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ், 415. மோட்டாரை அப்படியே மாட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். பம்ப் என்றால் தண்ணீர் ஏற்றும் உயரமும் குறையும். ஓட்டலுக்குக் கப்பல் அடுப்பு வாங்குகிறவர்களும் தட்டிலுள்ள ஹெர்ட்ஸைப் படித்துவிட்டு விலை பேசுவது நல்லது.

உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம் வந்தது இந்தக் கடைகள், லாரி, ஆக்சிஜன் ஆலை, டீக்கடை, வாடகை வழியாகத்தான். கட்டர் பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, உத்தரப்பிரதேசம், பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். முக்காதம் என்ற ஒப்பந்தக்காரர் ஊரிலிருந்தே அழைத்து வருவார். யார்டுகளுக்கு எதிரே பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய 'கோலி'களில் பல பேர் ஓர் அறையில். கப்பல் வரத்து குறைந்தால் முதலில் திருப்பி அனுப்பப்படுபவர்கள் அவர்கள்தான். பயிற்சி நிலையம் வந்தது, தலைக்கவசமும் காலணியும் வந்தன, சில யார்டுகள் தங்கும் விடுதி கட்டின. இருந்தும் 2012 அக்டோபரில் ஒரு கப்பலின் உள்ளே தீப்பற்றி 6 பேர் இறந்தார்கள். கடுமையான தீக்காயத்துக்குச் சிகிச்சை தர 50 கிலோமீட்டர் தள்ளி பாவ்நகர் போக வேண்டியிருப்பது இந்தக் கரையின் பெரிய குறை. இத்தனை கோடி புரளும் இடத்தில் முழு வசதியுள்ள தீக்காயப் பிரிவு எப்போதோ வந்திருக்க வேண்டும்.

சட்டமும் கொடியும்

2005 டிசம்பர் 31 அன்று பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளெமான்சோ தூலோனிலிருந்து அலங் நோக்கிக் கிளம்பியது. உள்ளே எவ்வளவு ஆஸ்பெஸ்டாஸ் என்ற சர்ச்சை இந்திய உச்ச நீதிமன்றம்வரை வர, 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டது. கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உடைக்கப்பட்டது. அதே 2006இல் 'புளூ லேடி' வந்தது. ஒரு காலத்தில் எஸ்.எஸ். பிரான்ஸ் என்று புகழ்பெற்றிருந்த பயணிகள் கப்பல் அது. 2007 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உடைக்க அனுமதித்தது. அதே மாதம் இந்தத் தொழிலுக்கான நெறிமுறைகளையும் பிறப்பித்தது. 2013இல் கப்பல் உடைப்பு விதித்தொகுப்பு, 2019இல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம். 2009இல் உருவான ஹாங்காங் உடன்படிக்கையில் இந்தியா 2019 நவம்பரில் சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2025 ஜூன் 26 அன்று.

இனி கப்பல் தன் அபாயப் பொருட்களின் பட்டியலோடு வர வேண்டும். அந்தக் கப்பலுக்கென்றே யார்டு உடைப்புத் திட்டம் எழுத வேண்டும். அனுமதி பெற்ற யார்டில் மட்டுமே உடைக்கலாம். பட்டியல் ஒழுங்காக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் எந்தச் சுவருக்குப் பின்னால் என்று தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரியும். இந்த ஒன்றுக்காகவே அந்த உடன்படிக்கையை வரவேற்பேன்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் நிறைவடையவில்லை. ஐரோப்பியக் கொடி பறக்கும் கப்பல்களை அது அங்கீகரித்த யார்டுகளில்தான் உடைக்கலாம். ஓதச் சேற்றில் கரையேற்றுவது, உருட்டாலைக்குப் போன பிறகு நடப்பது, அருகில் மருத்துவமனை இல்லாதது ஆகியவற்றைக் காட்டி அலங் யார்டுகளைப் பல ஆண்டுகள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அந்தக் குறைகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி கொடியைத்தான் பார்க்கிறது, உரிமையாளரைப் பார்க்கவில்லை. ஐரோப்பிய உரிமையாளர் விற்பதற்குச் சில வாரம் முன்பு கப்பலைச் செயின்ட் கிட்ஸ் அல்லது கொமோரோஸ் கொடிக்கு மாற்றிவிட்டால், அதிக விலை தரும் எந்தக் கரைக்கும் அது போகலாம். கிரேனும் கான்கிரீட்டும் போட்ட யார்டு அந்தச் செலவை ஈடுகட்ட எல்.டி.டி.க்குச் சில டாலர் குறைத்துக் கேட்க வேண்டியிருக்கும். எதுவும் போடாத யார்டு முழு விலை சொல்லும். சேற்றில் விழும் துண்டு தளத்தில் இறங்குவதற்கு ஆகும் செலவு எல்.டி.டி.க்கு எத்தனை டாலரோ, அதை 25 ஆண்டு அந்தக் கப்பலை ஓட்டிச் சம்பாதித்தவர் ஏற்க வேண்டும். இதற்கு வழியாகச் சொல்லப்படுவது, கப்பல் ஓடும் காலத்திலேயே ஒவ்வொரு துறைமுக வருகைக்கும் சிறு தொகை பிடித்துவைத்து, ஒழுங்காக உடைத்த பிறகு விடுவிக்கும் நிதி. ஐரோப்பிய ஆணையமே இதை ஆராய்ந்தது. கப்பல் உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்தன. அது இன்றுவரை சட்டமாகவில்லை.